சத்தம் வருதா?

திரையில் படம் வந்துவிட்டது, சத்தம்தான் வரவில்லை. உளவியல் துறையின் மாடியில், இருவர் நின்றால் மூன்றாமவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டிய ஓர் இருட்டறையில், மேசைக்கு அடியில் தலையை நுழைத்து ஒயர்களைத் தடவிக்கொண்டிருந்தான் மைக். அது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கல்லூரியில் எந்த வகுப்பில் ஒலிபெருக்கி கரகரத்தாலும், எந்த அரங்கில் பேராசிரியரின் வாய் மட்டும் அசைந்து சத்தம் வராமல் போனாலும், "அந்த மைக்கைக் கூப்பிடுங்கப்பா" என்று சொல்லிச் சொல்லி, மைக் பழுது பார்க்கிறவனே மைக் ஆகிவிட்டான். சம்பளம் போடுகிற பிரிவில் மட்டும்தான் அவனுடைய சொந்தப் பெயர் இன்னும் உயிரோடு இருந்தது. அதில் அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. தான் ஒரு நாள் வராவிட்டால் இந்தக் கல்லூரியே ஊமையாகிவிடும் என்று நம்பினான், அதை வீட்டிலும் சொல்லி வந்தான்.

"சத்தம் வருதாண்ணா?" என்றாள் ஆய்வு மாணவி. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சுவரில் பதித்திருந்த கண்ணாடி வழியாகப் பக்கத்து அறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தப் பக்கம் தெரியும், அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. "சீக்கிரம்ணா. அம்மா எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க. அழுகை பதிவாகலன்னா இன்னிக்கு எடுத்தது மொத்தமும் வேஸ்ட்."

ஒயர் முனையில் ஒரு பின் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அழுத்தினான். மேசை மேலிருந்த ஸ்பீக்கரில் அழுகை வந்தது.

முதலில் நீளமாக ஓர் இழுப்பு, நடுவில் விக்கல் போல ஒரு தடங்கல், அதற்குப் பிறகுதான் குரல். அந்தத் தடங்கலை உலகத்தில் அவனுக்கும் அவன் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். நிமிர்ந்த வேகத்தில் மேசை விளிம்பில் தலை இடித்தது. அதைத் தடவிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் திரையைப் பார்த்தான். உச்சியிலிருந்து எடுக்கப்படும் படம். நீலக் கம்பளம், இரண்டு நாற்காலி, ஒன்றில் யாரோ ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். சாத்திய கதவை இரண்டு உள்ளங்கையாலும் தட்டிக்கொண்டு ஒரு குழந்தை. அதன் தலையில் மஞ்சள் கிளிப் கோணலாக இருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அதை அப்படிக் கோணலாகக் குத்திவிட்டு வந்தவன் அவன்தான்.

அப்படியானால் எழுந்து வெளியே போன அம்மா யார் என்பது தனியாக யாரும் சொல்லி அவனுக்குப் புரிய வேண்டியதில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், தாழ்வாரத்தில், அவள் நின்றுகொண்டிருப்பாள். நான்கு எட்டு வைத்தால் இவன் அங்கே போய்விடலாம். ஆனால் போகவில்லை. இது என் குழந்தை என்று சொன்னால் இந்தப் பெண் என்ன நினைப்பாள், துறை முழுக்க என்ன பேசுவார்கள், மைக்கின் பெண்டாட்டி குழந்தையை ஆராய்ச்சிக்கு விட்டு அழ வைக்கிறாளாம் என்று கேண்டீனில் எப்படிச் சொல்வார்கள் என்பதெல்லாம் அந்த விநாடியிலேயே அவன் காதுக்குள் ஓடிவிட்டது. பிள்ளை அழுகிற நேரத்தில் ஊர் வாயைப் பற்றி யோசித்தான் அந்தத் தகப்பன். அதுதான் நடந்தது.

"சூப்பர்ணா. கொஞ்சம் கூட்டி வைங்களேன்."

கூட்டி வைத்தான்.

பிறகு பையை அள்ளிக்கொண்டு, அடுத்த கட்டடத்தில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அப்படி ஒரு வேலையும் இல்லை. நூலகத்துக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்துமிடத்தில், யாருடையதோ ஒரு சைக்கிளின் பின் இருக்கையில், மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தான்.

அந்த ஊரில் கல்லூரிதான் ஊர். மருந்துக்கடையும் சலூனும் முட்டை விற்கிறவரும் கல்லூரியின் விடுமுறையைப் பார்த்துத்தான் மூச்சு விடுவார்கள். வீட்டு வாடகை வீட்டுக்கு இவ்வளவு என்று கிடையாது, தலைக்கு இவ்வளவு. மைக் குடியிருந்தது ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே. கீழே மெஷின் ஓடினால் மேலே தரை லேசாகச் சுடும், குழந்தைக்கு அது மட்டும் பிடிக்கும், பாயைத் தள்ளிவிட்டுத் தரையிலேயே தூங்கும். வீட்டுக்காரர் ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் வாசற்படியில் நின்று அறைகளைக் கண்ணாலேயே அளப்பார். "ஹால்ல ரெண்டு, உள்ள ரெண்டு, தாராளமா நாலு பசங்க படுக்கலாம் தம்பி. ஏதோ நீங்க குடும்பஸ்தராச்சேன்னு நான் வாயத் தொறக்கறதில்ல" என்பார். வாயைத் திறக்காமலேயே ஒவ்வொரு முறையும் வாடகையை ஏற்றிவிட்டுப் போவார்.

மனைவி முன்பு பைண்டிங் கடையில் வேலை பார்த்தாள். மாணவர்களின் ஆய்வேடுகளுக்குக் கெட்டி அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்து அச்சிடுகிற கடை. அட்டையின் மூலையை மடிப்பதில் அவளுக்குத் தனிக் கை என்று முதலாளியே சொல்வார். குழந்தை பிறந்த பிறகு காப்பகம் ஒன்றில் விசாரித்தார்கள். அவள் வாங்குகிற கூலியை அப்படியே அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு பஸ்ஸுக்கும் இவர்களே செலவழிக்க வேண்டியிருக்கும் போலிருந்தது. அவள் வேலையிலிருந்து நின்றுகொண்டாள். அவளுடைய இடத்துக்கு மறுவாரமே இரண்டு மாணவிகள் வந்துவிட்டார்கள், பாதிக் கூலிக்கு, அதுவும் சிரித்துக்கொண்டே. அந்த ஊரில் எந்த வேலைக்கும் அப்படி ஒரு மாணவர் வரிசையில் நிற்பார்.

அப்போதுதான் மச்சான் போன் செய்தார். மனைவிக்கு ஒரே அண்ணன், வேறு ஊரில் சாமான் கிடங்கு வைத்திருக்கிறார். "மாப்ள, மாடி சும்மாதான் கெடக்கு. வந்துருங்க. கிடங்குல எனக்கும் நம்பிக்கையான ஆள் வேணும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். மைக்குக்கு ஏனோ அது சுருக்கென்று தைத்தது. "எதுக்கு மச்சான்? என் ஒரு சம்பளத்துலயே ஜம்முன்னு ஓடுது. உங்க தங்கச்சிய ராணி மாதிரி வச்சிருக்கேன், வேணும்னா கேட்டுப் பாருங்க" என்று வாய்ச்சவடால் அடித்தான். அந்த ராணி பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

உண்மையிலேயே ஓடத்தான் செய்தது, அதுதான் அவனை ஏமாற்றியது. மாதக் கடைசியில் பால் நிற்கவில்லை. குழந்தைக்குப் புதுச் செருப்பு வந்தது. கல்லூரிக் கடையில் மட்டும் விற்கும் துண்டு, குல்லா, தண்ணீர்க் குவளை எல்லாம் வீட்டுக்கு வந்தன, எல்லாவற்றிலும் கல்லூரியின் முத்திரை. "ஊழியர் குடும்பத்துக்குத் தள்ளுபடி" என்று அவள் சொன்னாள். அவன் நம்பினான். நம்பினான் என்பதைவிட, அந்தத் தள்ளுபடியிலும் தனக்கு ஒரு பங்கு இருப்பதாக மார்தட்டிக்கொண்டான். சைக்கிள் இருக்கையில் உட்கார்ந்திருந்தபோதுதான் உளவியல் துறை அறிவிப்புப் பலகையில் தானே பல முறை தாண்டிப்போன காகிதம் நினைவுக்கு வந்தது: ஆய்வில் கலந்துகொள்ளும் குழந்தைகளுக்கு அன்பளிப்பும் கல்லூரிக் கடைக் கூப்பனும் உண்டு. மொழித் துறையிலும் அதைப் போல ஒன்று பார்த்திருக்கிறான். குழந்தை மருத்துவத்திலும் ஒன்று. ஒரு குழந்தை எத்தனை இடத்துக்குப் போகலாம் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது குழந்தை தரையில் டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. "என்ன முதலாளியம்மா, இன்னிக்கு வேலையெல்லாம் எப்படி?" என்று வழக்கம்போல அதனிடம் கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் பார்வை அந்த மஞ்சள் கிளிப்பில் போய் நின்றது.

"இன்னிக்கு பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்றாள் மனைவி, அடுப்பைப் பார்த்தபடி.

"ம்" என்றான்.

கேட்டிருக்கலாம். கேட்டால் அடுத்த வார்த்தை, நிறுத்து என்பதாக இருக்க வேண்டும். நிறுத்து என்றால், அதற்கு அடுத்த வார்த்தையாக வேறு ஒரு வழி சொல்ல வேண்டும். அந்த மூன்றாவது வார்த்தை அவனிடம் இல்லாததால் முதல் வார்த்தையையே மென்று விழுங்கினான். வழி தேடாமலும் இல்லை. விடுமுறை நாள் விழாக்களுக்கு மைக் போடுகிற வேலையைத் தனக்குத் தரச் சொல்லி மேலாளரிடம் கேட்டான். "அதையெல்லாம் பசங்களே பண்ணிடறாங்களேப்பா, சர்ட்டிஃபிகேட் குடுத்தா போதும்" என்றார் அவர். கணினிக் கடையில் கேட்டான், அங்கே கல்லாவில் நின்றவனே பொறியியல் மாணவன்.

மனம் மட்டும் அந்த இருட்டறையைவிட்டு வரவில்லை. எந்த வகுப்பறையில் எந்த மைக்கைச் சோதித்தாலும் ஹெட்போனில் அந்த இழுப்பும் தடங்கலும் வந்துவிடுமோ என்று ஒரு கணம் பயப்படுவான். வராது. பேராசிரியர்கள்தான் பேசுவார்கள். இதற்கிடையில் வீட்டில் ஒரு மாற்றம். காலையில் அவன் செருப்பை மாட்டும்போது குழந்தை முன்பெல்லாம் காலைக் கட்டிக்கொள்ளும், பிரித்தெடுத்து அம்மாவிடம் கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இப்போது தன்பாட்டுக்கு மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. விவரம் தெரிகிறது, வளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துக்கொள்வது அவனுக்கு வசதியாகவும் இருந்தது.

செமஸ்டர் தொடங்க இருந்த வாரத்தில் வீட்டுக்காரர் வந்து, இந்த முறை அளக்காமல், நேராகவே சொல்லிவிட்டுப் போனார். வாடகை ஏறுகிறது. முடியாது என்றால் தப்பில்லை, நான்கு பையன்கள் முன்பணத்தோடு தயாராக இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் போதும். அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்தது.

"உளவியல் துறைல இனிமே வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றாள் மனைவி.

"எந்தத் துறைல?"

"நடிக்காதீங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "முடிஞ்சதும் அந்த இருட்டு ரூமுக்குக் கூப்பிட்டு, படத்தைப் போட்டுக் காட்டி, கையெழுத்து வாங்குவாங்க. அன்னிக்கு மேசை மேல உங்க கரண்ட் பாக்குற டெஸ்டர் கெடந்துச்சு. பிடியில நீல டேப் சுத்தினது. நான்தான எடுத்துட்டு வந்து உங்க பையில போட்டேன்."

 டெஸ்டரைக் காணோம் என்று இரண்டு நாள் தேடியதும், பிறகு அது பையிலேயே கிடைத்ததும், தன் ஞாபக மறதியைத் தானே திட்டிக்கொண்டதும் அவனுக்கு நினைவுக்கு வந்தன.

"கேப்பீங்க, கேப்பீங்கன்னு இருந்தேன்" என்றாள். "சோறு போடும்போது கேப்பீங்கன்னு நெனப்பேன். வௌக்க அணைக்கும்போது நெனப்பேன். நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேன். கேக்கல. சரி, அவருக்கும் சம்மதம் போலன்னு எடுத்துக்கிட்டேன்."

"எனக்கு எப்படிம்மா அது சம்மதமா இருக்கும்?"

"பின்ன என்னன்னு எடுத்துக்கணும்?"

 கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடத் தொடங்கியது. குழந்தை தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டது.

"மொதல்ல ரொம்ப அழுதா" என்றாள் அவள். "வெளிய நான் காதப் பொத்திக்குவேன். அப்பறம் கொஞ்சமா அழுதா. போன ரெண்டு தடவையா அழவே இல்ல. நான் போறதப் பாத்துட்டு அவபாட்டுக்கு பொம்மைய எடுத்துக்கறா. பழகிடுச்சாம். பழகின கொழந்த அவங்களுக்கு உதவாதாம்." இதைச் சொல்லும்போது அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. வேலை பறிபோனதற்காக உடைந்ததா, மற்றதற்காகவா என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவளாலும் முடிந்திருக்காது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மீதியையும் சொன்னாள். "இப்ப அப்பாங்கள வச்சுப் பாக்கறாங்களாம். அப்பா எந்திரிச்சுப் போனா கொழந்த என்ன பண்ணுதுன்னு. ஒரு அப்பாவும் வரமாட்டேங்கறாங்களாம், அதனால ரெண்டு மடங்கு தர்றாங்க. மாசம் ஒரு தடவ, செமஸ்டர் முடியற வரைக்கும். அம்மாகிட்ட பழகினாலும் அப்பாகிட்ட புதுசுதானன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு." பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல், "வேணாம்னா அண்ணனுக்கு ஒரு போன் பண்ணிடுங்க. ரெண்டுல ஒண்ணு" என்றாள்.

அன்று மாலையும் மறுநாளும் அவன் கையில் போன் இருந்தது. மச்சானின் எண்ணை எடுப்பான், வைப்பான். அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டமாட்டார். அதுதான் தாங்காது. மாடி வீடு, கிடங்கு, மாப்பிள்ளைக்கு ஒரு நாற்காலி. தான் இல்லாவிட்டால் ஊமையாகிவிடும் கல்லூரியில் மறுநாளே யாரோ ஒரு மாணவன் வந்து ஒயரைச் சொருகிவிடுவான் என்பதும் அவனுக்கு இப்போது நன்றாகத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனான். மனைவி கூட வந்து கீழே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மேலே வரமாட்டேன் என்றாள். மாடியில் ஆய்வு மாணவி இவனைப் பார்த்ததும் வழக்கம்போல, "அண்ணா, இன்னிக்கு எல்லாம் ஒழுங்கா வேல செய்யுதே, யாரு கூப்பிட்டா?" என்றாள். பிறகுதான் அவன் தோளில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "இது உங்க பாப்பாவா?" என்றாள் மெதுவாக. அன்று யார் சத்தத்தைக் கூட்டி வைத்தார் என்பது அவளுக்கும் அந்த நொடியில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கும் ஆய்வை முடித்தாக வேண்டும், அவளுக்கும் மேலே ஒருவர் கேள்வி கேட்பார். தரையைப் பார்த்தபடி விதிமுறைகளைச் சொன்னாள். "அந்த நாற்காலில ஒக்காருங்க. நீங்களா எதுவும் பேச வேணாம். நான் கண்ணாடில தட்டினதும் எந்திரிச்சு வெளிய போயிடுங்க. திரும்பிப் பாக்காமப் போகணும்ணா, அது முக்கியம்."

போய் உட்கார்ந்தான். நீலக் கம்பளம் திரையில் பார்த்ததைவிடப் பழசாக, ஓரம் நைந்து இருந்தது. எதிர் நாற்காலியில் அந்த யாரோ ஒரு பெண், கையைக் கட்டிக்கொண்டு. கண்ணாடியில் அவனுடைய முகம்தான் தெரிந்தது, நல்ல சட்டையில் ஒரு தகப்பன். படி ஏறும்போதே அவன் ஒரு முடிவு எடுத்துவைத்திருந்தான். குழந்தை அழ வேண்டும். பெரிதாக வேண்டாம், லேசாகச் சிணுங்கினால்கூடப் போதும். சிணுங்கினால் வாசலோடு திரும்பிவிடுவான், வாரி எடுத்துக்கொண்டு கீழே போய், மனைவியின் முன்னாலேயே மச்சானுக்குப் போன் போட்டு, வர்றோம் மச்சான் என்று சொல்லிவிடுவான். கௌரவத்தை அங்கேயே இறக்கி வைத்துவிடுவான். அதற்கு அவனுக்குக் குழந்தையின் தயவு தேவைப்பட்டது. அழும்மா, அழு என்று மனதுக்குள் கெஞ்சினான். பெற்ற பிள்ளை அழ வேண்டும் என்று எந்தத் தகப்பனும் இவ்வளவு ஆசைப்பட்டிருக்கமாட்டான்.

குழந்தையைக் கீழே இறக்கிவிட்டான். அது அறையைச் சுற்றிப் பார்த்தது. கூடையில் இருந்த பொம்மைகளைப் பார்த்தது. எதிரே இருந்த பெண்ணைப் பார்த்தது. கடைசியாக, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அவனை நோக்கி நடந்து வந்தது. மடியில் ஏறத்தான் வருகிறது என்று அவன் இரண்டு கையையும் முன்னால் நீட்டினான்.

பாதி வழியில் நின்றுவிட்டது. இன்னும் யாரும் தட்டவில்லை, அவன் அசையக்கூட இல்லை. குழந்தை வலது கையைத் தூக்கி, விரல்களை மடக்கி விரித்து, "டாட்டா" என்றது.

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய், கூடையின் பக்கத்தில் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஒரு மரக்கட்டையை எடுத்தது. அதன் மேல் இன்னொன்றை வைத்தது.

கண்ணாடியில் தட்டினார்கள். அவனுடைய கைகள் நீட்டியது நீட்டியபடியே இருந்தன. குழந்தை திரும்பவில்லை, மூன்றாவது கட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த பெண் கட்டியிருந்த கையைப் பிரித்து, கதவு இருக்கும் பக்கம் அவனுக்குக் கண்ணால் காட்டினாள்.

கண்ணாடியில் மறுபடியும் தட்டினார்கள்.